பருப்பு வேகும் தண்ணீர்

எங்கள் ஆயாவுக்குத் தண்ணீரைச் சோதிக்க ஒரு கைப்பிடி துவரம் பருப்பு போதும். புதுக் கிணறோ, புது போரோ, முதல் குடம் வீட்டுக்கு வந்ததும் பருப்பை அதில் போட்டு அடுப்பில் ஏற்றிவிடுவார். குக்கர் இல்லாத காலம். மண்சட்டி, விறகு. பருப்பு மலர்ந்து குழைந்தால் அது "நல்ல தண்ணி". எவ்வளவு எரித்தாலும் நடுவில் கல்லாக நின்று விரலுக்கு நெருடினால், "இது மாட்டுக்கு ஆவும், நமக்கு ஆவாது" என்று சொல்லிவிடுவார். அவர் தீர்ப்புக்கு மேல் எங்கள் தெருவில் அப்பீல் கிடையாது.

தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். நான் தொடக்கப்பள்ளியில் படித்தபோது எங்கள் நிலத்தில் போர் போட்டார்கள். கிணறு வற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தது. முந்நூறு அடிக்குப் பக்கமாகப் போனதும் தண்ணீர் வந்தது. அன்று சாயங்காலம் ஆயா பருப்பு வேகவைத்ததை இன்னும் என்னால் பார்க்க முடிகிறது. கரண்டியை விட்டதும் பருப்பு வெண்ணெய் மாதிரி கரைந்தது. சோப்பும் நுரை தள்ளியது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் குடத்தோடு வந்துவிட்டார்கள். பிறகு ஏறக்குறைய இருபது வருடம் நாங்கள் குடித்தது, சமைத்தது, களி கிண்டியது எல்லாம் அந்தத் தண்ணீரில்தான்.

அந்தத் தண்ணீரில் ஃப்ளோரைடு இருந்தது. அளவு மிஞ்சினால் பல்லில் கறை ஏற்றி, எலும்பை இறுக்கிவிடும் உப்பு அது. அதற்கு நிறமில்லை, வாடையில்லை, நம் ஊர்த் தண்ணீரில் இருக்கும் அளவுக்கு நாக்கிலும் தெரியாது.

இப்போது நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். ஆயாவின் பருப்புச் சோதனை என்ன செய்தது என்பது படித்த பிறகுதான் விளங்கியது. விளங்கிய அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பருப்பு வேகாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீரில் உள்ள கால்சியம். பருப்பின் செல் சுவரில் இருக்கும் பெக்டின் என்ற பசைப் பொருளோடு கால்சியம் சேர்ந்தால் அது இறுகிப்போகும். கால்சியம் குறைவாக, பைகார்பனேட் அதிகமாக, சற்றே காரத்தன்மையோடு இருக்கும் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் குழையும். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் நடப்பது போலத்தான்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி முழுக்கப் பாறை பூமி. நைஸ், சார்னோக்கைட் வகைப் பாறைகள். அவற்றில் இருக்கும் பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற தாதுக்களில் ஃப்ளோரைடு உண்டு. பாறை இடுக்கில் வருடக்கணக்காகத் தேங்கும் தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃப்ளோரைடைப் பிடித்து, கால்சியம் ஃப்ளோரைடாகப் படிய வைத்துவிடும். கால்சியம் குறைந்துபோனால் பிடித்து வைக்க ஆளில்லை. ஃப்ளோரைடு ஏறிக்கொண்டே போகும். அதாவது, பருப்பை நன்றாக வேகவைக்கும் குணமும் ஃப்ளோரைடைச் சுமக்கும் குணமும் பல இடங்களில் ஒரே தண்ணீரில் சேர்ந்து வருகின்றன. ஆயாவின் சோதனை எங்களை எந்தத் தண்ணீரிலிருந்து காப்பாற்றியிருக்க வேண்டுமோ, அதையே எங்களுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது.

இதை வைத்து ஆயாவை அறியாதவர் என்று சொல்ல யாரையும் விடமாட்டேன். அவர் செய்தது முறையான அளவீடு. ஒரே சட்டி, ஒரே பருப்பு, ஒரே அடுப்பு, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தண்ணீர். எந்த ஆய்வகத்திலும் இதைத்தான் செய்கிறோம். அவர் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தது. அந்தப் பதிலை வேறொரு கேள்விக்கும் பதில் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

பெர்சி பிரிட்ஜ்மன் என்று ஒரு இயற்பியலாளர். மிக உயர்ந்த அழுத்தத்தில் பொருள்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று அளந்தவர், 1946-இல் நோபல் பரிசு பெற்றவர். யாரும் எட்டாத அழுத்தத்துக்குப் போனால் அங்கே பழைய அழுத்தமானிகள் உடைந்துவிடும். அப்போது "அழுத்தம்" என்ற சொல்லுக்கு அர்த்தம் என்ன என்ற கேள்வி அவருக்கு ஏட்டுக் கேள்வியாக இல்லை, மேசை மேல் கிடந்த கேள்வி. 1927-இல் அவர் சொன்னது சுருக்கமாக இது: ஒரு கருத்தின் பொருள், அதை அளக்க நாம் செய்யும் செயல்கள்தான். நீளத்தை அடிக்கோலால் அளப்பது ஒன்று, நட்சத்திரத்தின் தூரத்தை ஒளியைக் கொண்டு கணக்கிடுவது வேறொன்று. இரண்டையும் "நீளம்" என்று ஒரே பெயரில் அழைப்பதற்குத் தனியாகக் காரணம் காட்ட வேண்டும். தத்துவக்காரர்கள் பிறகு இதை நிறையக் குடைந்தார்கள். இவ்வளவு கறாராக எடுத்துக்கொண்டால் கருவிக்கு ஒரு கருத்து என்று பெருகிப்போகும் என்றார்கள். நியாயம்தான். ஆனாலும் எங்கள் ஊருக்கு பிரிட்ஜ்மன் சொன்னது அப்படியே பொருந்துகிறது. பருப்பால் அளந்த "நல்ல தண்ணீர்" ஒன்று, எலும்பால் அளந்த "நல்ல தண்ணீர்" வேறொன்று. சொல் ஒன்றாக இருந்ததால் இரண்டும் ஒன்றென்று நம்பினோம்.

நம்பியவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் 1901-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போனபோது, அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்தார். கறை ஏன் என்று தேடி முப்பது வருடம் அலைந்தார். பாக்சைட் என்ற சின்ன ஊரில், 1909-இல் ஆழ்கிணற்றுத் தண்ணீருக்கு மாறிய பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் கறை வந்திருந்தது. தண்ணீரைச் சோதித்தார்கள், வழக்கமான பட்டியலில் எதுவும் தப்பாக இல்லை. அந்தப் பட்டியலில் ஃப்ளோரைடே இல்லை. 1931-இல் அங்கிருந்த அலுமினிய நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் சர்ச்சில் நிறமாலைக் கருவியில் பார்த்தபோது லிட்டருக்கு 13.7 மில்லிகிராம் வந்தது. அவராலேயே நம்ப முடியாமல், மாதிரி கெட்டுப்போயிருக்கும் என்று வேறொன்று எடுத்து வரச் சொன்னார். கேட்காத கேள்விக்கு எந்தக் கருவியும் பதில் சொல்லாது.

நம் பக்கத்தில் இது வெளிச்சத்துக்கு வந்தது 1937-இல். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநராக இருந்த ஷார்ட்டும் அவருடன் வேலை செய்தவர்களும், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில் பல்லோடு நிற்காமல் எலும்பையும் முதுகையும் ஃப்ளோரைடு இறுக்கியிருப்பதை எழுதினார்கள். எங்கள் போர் போட்டது அதற்கு அரை நூற்றாண்டுக்கும் பிறகு. கிண்டியிலிருந்து எங்கள் ஊர் சுமார் முந்நூறு கிலோமீட்டர்.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயதிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு மருத்துவமனையில் முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்து, வேலை செய்கிற உடம்பு, வயசு ஆகுது, அப்படித்தான் இருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஏழு வருடம் அந்த மாத்திரைதான். பிறகு ஒருநாள் ஊருக்குள் முகாம் போட வந்தவர்களில் ஒரு இளைஞர், அப்பா நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை எடுத்துத் திண்ணைக்கு முன்னால் தரையில் போட்டார்.

"ஐயா, முட்டி மடங்காம குனிஞ்சு இத எடுங்க பாப்போம்."

அப்பா சிரித்துக்கொண்டே குனிந்தார். விரல் நுனி தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை. அதே சாண். தாடையை நெஞ்சில் தொடச் சொன்னார், தொடவில்லை. இரண்டு கையையும் பிடரிக்குப் பின்னால் கோர்க்கச் சொன்னார்; முழங்கை பாதியில் நின்றது.

"வயசாயிருச்சில்ல தம்பி."

"எத்தன வயசுங்கய்யா?"

"அம்பத்திரண்டு."

அந்த இளைஞர் ஒன்றும் சொல்லவில்லை. காசைக் குனிந்து எடுத்துக்கொண்டார். முதுகுக்கு வேண்டாம், முன்கைக்கு ஒரு எக்ஸ்ரே எடுங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். முன்கையின் இரண்டு எலும்புக்கும் நடுவே உள்ள மெல்லிய சவ்வு சுண்ணாம்பாக இறுகத் தொடங்கியிருந்தது படத்தில் தெரிந்தது. ஃப்ளோரைடு மிஞ்சி எலும்பு இறுகும் நோயான எலும்பு ஃப்ளோரோசிஸின் அடையாளம் அது. ஏழு வருடம் மருத்துவர்கள் பார்த்தது அதே உடம்பைத்தான். படம் எடுத்த இடம்தான் வேறு.

ஃப்ளோரோசிஸைக் கண்டறிய உலகத்தில் எத்தனையோ விலையுயர்ந்த கருவிகள் இருக்கின்றன. சிறுநீரில் எவ்வளவு ஃப்ளோரைடு போகிறது என்று மின்முனை வைத்து அளக்கலாம். ஆனாலும் ஐந்து ரூபாய்க் காசும், தாடையும், பிடரியும் மாதிரி ஒரு அளவீடு எனக்குத் தெரிந்து இல்லை. தூக்கிக்கொண்டு எந்த ஊருக்கும் போகலாம், யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அது உறுதியான தீர்ப்பு தராது. வயதாலும் வரும், வேறு மூட்டு நோயாலும் வரும். ஆனால் அது ஒரு கேள்வியைத் திண்ணைக்குக் கொண்டுவந்து போட்டது.

ஒரு விஷயம் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. ஊரில் இத்தனை பேருக்குப் பல்லில் கறை, இத்தனை பேருக்குக் குனிய முடியவில்லை. ஏன் யாருக்கும் சந்தேகம் வரவில்லை? லண்டனில் இருந்த ஜெஃப்ரி ரோஸ் என்ற மருத்துவர் 1985-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு விடை கிடைத்தது. எல்லோரும் தினம் இருபது சிகரெட் பிடிக்கும் ஒரு நாட்டில் நுரையீரல் புற்றுநோயை ஆராய்ந்தால், அது பரம்பரை நோய் என்றே முடிவு வரும் என்கிறார் அவர். எல்லோரிடமும் இருக்கும் காரணம் ஆளுக்கு ஆள் வித்தியாசத்தை விளக்காது. அதனால் கண்ணில் படாது. எங்கள் தெருவிலும் அப்படித்தான். "அவங்க வம்சமே பல்லு அப்படித்தான்" என்று பெண் பார்க்க வந்தவர்கள் பேசிக்கொண்டு போவதை நானே கேட்டிருக்கிறேன். வம்சத்துக்கு வந்தது தண்ணீர்க் குடம். மூன்று கிலோமீட்டர் தள்ளித் திறந்த கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த என் பெரியம்மா பிள்ளைகளுக்குப் பல் பளிச்சென்று இருந்தது. எல்லோரும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள்.

பல்லை எண்ணாக்கும் முறை ஒன்றும் உண்டு. டிரெண்ட்லி டீன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1942-இல் செம்மைப்படுத்தியது. பல் சாதாரணமாக இருந்தால் 0, மிக லேசான கறைக்கு 1, லேசுக்கு 2, மிதத்துக்கு 3, கடுமைக்கு 4. நடுவில் "சந்தேகம்" என்று ஒரு படி வைத்து அதற்கு 0.5 கொடுத்தார். ஊரில் உள்ளவர்களின் எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்து, அது 0.6-ஐத் தாண்டினால் ஊருக்கே பிரச்சினை என்று கொள்ளலாம் என்றார். எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர் 1946-இல் அளவுகோல்களை வகை பிரித்தபோது சொன்னதை வைத்துப் பார்த்தால் இந்தச் சராசரியில் ஒரு ஓட்டை இருக்கிறது. இவை வரிசையைச் சொல்லும் எண்கள். 4 என்பது 2-ஐப் போல இரண்டு மடங்கு கறை என்று பொருளில்லை. வரிசை எண்களைக் கூட்டி வகுத்தால் கிடைப்பது எதன் அளவு? சரியான கேள்வி. ஆனாலும் டீனின் அந்த 0.5 எனக்குப் பிடிக்கும். தெரியாததை 0 என்றும் போடாமல் 1 என்றும் போடாமல், சந்தேகத்துக்கும் ஒரு இடம் கொடுத்து எழுதி வைத்தார்.

என் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருடம் ஒருமுறை தண்ணீர்ச் சோதனை வைப்பேன். வீட்டுத் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவரச் சொல்வேன். சோதனைக் கிட்டில் உள்ள திரவத்தைச் சொட்டு சொட்டாக விட்டால் இளஞ்சிவப்பாக இருக்கும். ஃப்ளோரைடு கூடக்கூட மஞ்சளை நோக்கிப் போகும். நிற அட்டையோடு ஒப்பிட்டு, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று எண்ணைச் சொல்ல வேண்டும். ஒரு முறை ஒரே குழாயை மூன்று பேர் பார்த்தார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்த பையன் 1.0 என்றான். வராந்தாவுக்குக் கொண்டுபோன பெண் 1.5 என்றாள். மூன்றாவது பெண் கொஞ்சம் தயங்கி, "மிஸ், நடுவுல இருக்கு" என்றாள்.

வகுப்பே சிரித்தது. நான் அந்தப் பெண்ணின் பதிலைத்தான் பலகையில் எழுதினேன். பிறகு பிள்ளைகள் எல்லோரும் அவரவர் பார்த்ததை ஒருவருக்கொருவர் காட்டாமல் தாளில் எழுத வேண்டும், அதன் பிறகே பேச வேண்டும் என்று வைத்துவிட்டேன். முதலில் சொல்பவரின் எண்ணுக்கே மற்றவர்களின் கண் பழகிப்போகிறது.

அந்த எண்கள் இடத்துக்கு இடமும் மாறும். எங்கள் பள்ளிக்குப் பின்னால் உள்ள திறந்த கிணற்றில் 1-க்குக் கீழே. நான்கு தெரு தள்ளி உள்ள போரில் 2-க்கு மேலே. பாறையில் வெடிப்பு எப்படி ஓடுகிறதோ அப்படி. மாவட்டச் சராசரி என்று ஒரு எண்ணைப் படத்தில் வண்ணமாகத் தீட்டினால் பார்க்க நன்றாக இருக்கும். அந்தச் சராசரித் தண்ணீரை மாவட்டத்தில் ஒருவர்கூடக் குடிப்பதில்லை.

சரி, எங்கள் போரில் எவ்வளவு? கடைசியாக ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோது 1.2 வந்தது. சீட்டில் "வரம்புக்குள்" என்று இருந்தது. இந்திய தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. உலக சுகாதார நிறுவனத்தின் எண்ணும் 1.5 தான். ஆனால் அந்த நிறுவனமே கூடவே ஒன்று சொல்கிறது: நாடுகள் தங்கள் வரம்பை வகுக்கும்போது தட்பவெப்பத்தையும் மக்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இந்த வரியை யாரும் சீட்டில் அச்சடிப்பதில்லை.

ஏனென்றால் 1.5 என்ற எண்ணுக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குடிப்பவர். குடிநீர் வரம்புகளைக் கணக்கிடும்போது வழக்கமாக வைத்துக்கொள்ளும் மாதிரி மனிதர் அவர். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மாதிரி இல்லாமல் வரம்பே போட முடியாது. அவர் யார் என்று தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

கலகன், வெர்மிலியன் என்ற இருவர் 1957-இல் இதைச் செய்து பார்த்தார்கள். கலிஃபோர்னியாவில் சிறு குழந்தைகள் வெயிலுக்கு ஏற்ப எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள் என்று அளந்து, பல்லுக்கு எவ்வளவு ஃப்ளோரைடு ஏற்றது என்பதற்கு ஒரு சூத்திரம் போட்டார்கள். அன்றாட உச்ச வெப்பநிலையின் வருடச் சராசரியை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, 0.0062 ஆல் பெருக்கி, 0.038 ஐக் கழிக்க வேண்டும். வருவதைக் கொண்டு 0.34 ஐ வகுக்க வேண்டும். 52 டிகிரி உள்ள குளிர்ப் பிரதேசத்துக்கு 1.2 வரும். நம் பக்கத்துக்கு 90 டிகிரி என்று வைத்துப் போட்டால் 0.65. அதே 1.2 ஓர் ஊரில் உகந்த அளவு, இன்னோர் ஊரில் ஏறக்குறைய இரு மடங்கு. அது குழந்தைகளின் பல்லுக்குப் போட்ட சூத்திரம், பெரியவர்களின் எலும்புக்கு நேராகப் பொருத்த முடியாது. ஆனாலும் வெயிலைக் கணக்கில் சேர்த்த மாதிரி அது.

எங்கள் அம்மா தக்காளித் தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர். ஏப்ரலில் ஒருநாள் அவர் குடிக்கும் செம்பை வாங்கிப்போய்ப் பள்ளி ஆய்வகத்தில் அளவு சிலிண்டரில் ஊற்றிப் பார்த்தேன். 700 மில்லி. அன்று அம்மா குடித்தது ஆறு செம்பு. 4.2 லிட்டர். அதை 1.2 ஆல் பெருக்கினால் ஐந்து மில்லிகிராம். இரண்டு லிட்டர் மனிதர் வரம்பின் விளிம்பில் உள்ள 1.5 தண்ணீரைக் குடித்தால் அவர் உடம்புக்குள் போவது மூன்று மில்லிகிராம். வரம்புக்குள் இருக்கும் தண்ணீரில் அம்மாவுக்கு அந்த மனிதரைவிட அதிகமாகப் போகிறது. இதில் களியை நான் சேர்க்கவே இல்லை. கேழ்வரகு மாவு உலைத் தண்ணீர் முழுவதையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும். வடித்துக் கொட்ட எதுவும் மிஞ்சாது. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் செறிவாகும். கேழ்வரகில் கால்சியம் நிறைய இருப்பது ஒன்றுதான் நமக்குச் சாதகம். அது ஃப்ளோரைடு உடம்பில் சேர்வதைக் கொஞ்சம் தடுக்கும்.

2013-இல் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இரண்டு மாவட்டத்துக்கும் வந்தது. எங்கள் தெருக் குழாயிலும் காவிரி வந்தது. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு என்று சேர்த்திருந்தார்கள். இப்போது பள்ளிக்கு வரும் சின்னப் பிள்ளைகள் சிரிக்கும்போது பார்க்கிறேன். வெள்ளைப் பல். முன்பல்லின் எனாமல் குழந்தைப் பருவத்திலேயே உருவாகி முடிந்துவிடுவதால், அந்தப் பல் அந்தந்த வருடத்துத் தண்ணீரை எழுதி வைத்திருக்கும் ஏடு. என் பல்லில் போர்த் தண்ணீர் இருக்கிறது, அவர்கள் பல்லில் காவிரி.

ஆனால் காவிரித் தண்ணீரில் பருப்பு அந்த அளவுக்குக் குழையவில்லை. அம்மா குடிக்கக் குழாய்த் தண்ணீரும், பருப்புக்கும் களிக்கும் போர்த் தண்ணீரும் என்று பிரித்து வைத்திருந்ததை நான் சில வருடம் கவனிக்கவே இல்லை. வெயில் காலத்தில் குழாய் வராத நாள்களில் குடிப்பதும் போர்தான். குழாயை அளந்து நிம்மதியாக இருந்தேன், குடத்தை அளக்கவில்லை.

"பருப்ப குக்கர்ல இன்னும் ரெண்டு விசில் விடும்மா, போர்த் தண்ணி வேணாம்" என்றேன்.

"ரெண்டு விசில் கேஸுக்கு நீ காசு தரியா?" என்றார். தருகிறேன் என்றேன். மாறிவிட்டார்.

இந்த வருடம் குடத்துக்குப் பக்கத்துச் சுவரில் அம்மா சாக்பீஸால் கோடு போடுகிறார். முன்பு பால்காரருக்குக் கணக்கு வைத்த அதே சுவர். ஒரு செம்புக்கு ஒரு கோடு. போர்த் தண்ணீர் என்றால் கோட்டின் மேல் ஒரு புள்ளி. அப்பா உடம்பை முழுசாகத் திருப்பி நின்று அதை எண்ணிச் சொல்வார், கழுத்து மட்டும் திரும்பாது. நேற்று ஏழு கோடு. காய் பறிப்பு இருந்த நாள். இரண்டில் புள்ளி இருந்தது.